ஏதுவும் வட்டமும்



தர்க்க விஷயமாக ஒரு சொற்பொழிவு நிகழ்த்தவேண்டும் என்று, ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்திவரும் இவ்வறக்கட்டளையினர் கேட்டபோது, அதனைப் புதுக்கோட்டையில் நிகழ்த்துவது பலவகையாலும் பொருத்தமுடையது என்று கருதி மகிழ்ச்சியோடு இசைந்தேன். இம்மாவட்டத்து நூலகங்களில் எந்த நாளிற் சென்று பார்த்தாலும், பட்டப்படிப்பை முடித்துவிட்டுத் தேர்வாணையத் தேர்வுகளுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் ஆயத்தம் செய்யும் இளைஞர்களும் பெண்களும் தடித்த வழிகாட்டி நூல்களை விரித்துவைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதைக் காணலாம். தொகுதி 4 தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவுக்கும் மனக்கணக்குக்கும் உரியவை. வங்கித் தேர்விலோ 'ரீசனிங்' என்பது தனிப்பகுதியாகவே அமைந்திருக்கிறது. அதில் 'சிலாஜிசம்' என்று அவர்கள் வழங்கும் வினாவகையே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இரண்டு மூன்று கூற்றுகளைக் கொடுத்து, அவற்றின்கீழ்ச் சில முடிவுகளையும் கொடுத்து, எந்த முடிவு அக்கூற்றுகளிலிருந்து தவறாமற் பெறப்படும் என்று கேட்பது அதன் இயல்பு.

இதனைத் தீர்ப்பதற்கு மாணவர்கள் பெரும்பாலும் கையாளுவது ஒரு வாய்பாடு. 'எல்லா'வோடு 'எல்லா' சேர்ந்தால் 'எல்லா'. 'எல்லா'வோடு 'எதுவுமில்லை' சேர்ந்தால் 'எதுவுமில்லை'. 'சில'வோடு 'எல்லா' சேர்ந்தால் 'சில'. 'எல்லா'வோடு 'சில' சேர்ந்தால் முடிவு இல்லை. 'சில'வோடு 'சில' சேர்ந்தாலும் முடிவு இல்லை. வாய்பாடு பிழையானதன்று, தேர்வு மண்டபத்தில் நேரத்தை மிச்சப்படுத்துவதும் உண்மையே. ஆயினும், ஏன் முடிவு இல்லை என்று கேட்டால் விடை சொல்ல இயலாத மாணவர், கூற்றுகளின் வரிசை சற்றே மாறிய மாத்திரத்தில் எந்தச் சூத்திரத்தை எங்கே பொருத்துவது என்று அறியாது திகைத்துவிடுகிறார். அவர் மனப்பாடம் செய்த ஐந்து வரிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு வழக்கம்: கொடுக்கப்பட்ட கூற்றுகள் அனைத்தும் மெய்யாக இருக்க, முடிவு மட்டும் பொய்யாகிவிடும் ஓர் இடம் உண்டா என்று தேடிப் பார்ப்பது. அந்த வழக்கத்தையே நம் முன்னோர் 'விபக்கம்' என்ற பெயரால் கற்பித்தனர் என்பதும், அது நம் மாணவர்க்கு வட்டப்படத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்படவேண்டும் என்பதும் நான் இன்று சொல்ல வந்தவை.

நம் மண்ணுக்குரிய ஓர் எடுத்துக்காட்டையே கொள்வோம். கண்மாய்கள் எல்லாம் நீர்நிலைகள். நீர்நிலைகளிற் சில வறண்டவை. ஆதலால் கண்மாய்களிற் சில வறண்டவை. சித்திரை வைகாசியில் திருமயத்துப் பக்கமோ அறந்தாங்கிப் பக்கமோ போய்வந்த எவரும் இம்முடிவை உடனே ஒப்புக்கொள்வர். ஏனெனில் அது கண்ணாற் கண்ட உண்மை. அவ்வுண்மையே இங்கே மயக்கத்துக்குக் காரணமாகிறது.

கண்மாய், நீர்நிலை, வறண்டவை என்னும் மூன்றுக்கும் மூன்று வட்டங்களை, ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் வெட்டுமாறு வரைந்துகொண்டால், தாள் எட்டு அறைகளாகப் பிரியும். மூன்று வட்டங்களுக்கும் புறத்தே உள்ள வெளியும் அவற்றுள் ஓர் அறையே. கண்மாய்கள் எல்லாம் நீர்நிலைகள் என்றால், நீர்நிலை வட்டத்துக்கு வெளியே நிற்கும் கண்மாய்ப் பகுதியில் ஒன்றும் இல்லை என்று பொருள். அப்பகுதியில் அடங்கிய இரண்டு அறைகளையும் பென்சிலாற் கோடிட்டு மூடிவிடவேண்டும். நீர்நிலைகளிற் சில வறண்டவை என்றால், அவ்விரு வட்டங்களும் கூடுமிடத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். அங்கே ஒரு பெருக்கற்குறி இடவேண்டும். ஆனால் அவ்விடத்தின் நடுவே கண்மாய் வட்டத்தின் விளிம்பு ஓடி அதனை இரண்டு அறைகளாகப் பிரித்திருக்கிறது. குறியை விளிம்புக்கு உள்ளே இடுவதா, வெளியே இடுவதா என்பதைக் கூற்றுகள் சொல்லவில்லை. ஆகவே அது விளிம்பின் மேலேயே நின்றுவிடுகிறது. வறண்டவை எல்லாம் ஊருணிகளாகவும் கிணறுகளாகவும் இருந்து, கண்மாய் ஒவ்வொன்றும் கரை தளும்ப நிற்கும் ஓர் உலகம் இக்கூற்றுகளுக்குச் சிறிதும் முரணாவதில்லை. அத்தகைய உலகத்தை வரைந்து காட்ட இடமிருக்கும்வரை, முடிவு உண்மையாகவே இருந்தாலும், அது இக்கூற்றுகளிலிருந்து பெறப்பட்டதாகாது.

இதனோடு வேறொன்றை ஒப்பிடுக. முந்திரித் தோப்புகள் எல்லாம் மேட்டு நிலங்கள். மேட்டு நிலம் எதுவும் கண்மாய்ப் பாய்ச்சல் பெறுவதில்லை. ஆதலால் முந்திரித் தோப்பு எதுவும் கண்மாய்ப் பாய்ச்சல் பெறுவதில்லை. இங்கே தோப்பும் பாய்ச்சலும் கூடுகிற இடத்தில் இரண்டு அறைகள் உள. மேட்டு நிலத்துக்குப் புறத்தே உள்ளதை முதற்கூற்று மூடிவிடுகிறது. அகத்தே உள்ளதை இரண்டாங்கூற்று மூடிவிடுகிறது. முடிவை நாம் தனியாக வரையவேண்டிய அவசியமே இல்லாமல், கூற்றுகளை வரைந்த அளவில் அது படத்தில் வந்து நிற்கிறது. அதற்கு எதிரான படம் ஒன்றை வரைவதற்கு எவ்வளவு முயன்றாலும் இடம் கிடைப்பதில்லை. இதிலிருந்து மாணவர்கள் கைக்கொள்ளவேண்டிய முறை ஒன்றும் தெரிகிறது: அறைகளை மூடும் கூற்றுகளை முதலில் வரைந்துவிட்டு, குறியிடும் 'சில'க் கூற்றுகளைப் பின்னரே எடுத்துக்கொள்ளவேண்டும். விளிம்பின்மேல் ஐயுற்று நிற்கவேண்டிய குறி, ஒரு பக்கத்து அறை முன்னமே மூடப்பட்டிருந்தால், மறுபக்கத்து அறையில் ஐயமின்றி விழும்.

இப்படத்தை உலகுக்கு அளித்தவர் கேம்பிரிட்ஜில் ஆசிரியராக விளங்கிய ஜான் வென் என்பவர். 1880ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாக அதனை வெளியிட்டு, அடுத்த ஆண்டில் குறியீட்டுத் தர்க்கம் பற்றிய தம் நூலில் விரிவாக எழுதினார். நம் மன்னர் கல்லூரி தோன்றியதும் அதே 1880இல் என்பது தற்செயலே ஆயினும் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. வென்னுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே ஆய்லர் என்னும் கணித மேதை, ஜெர்மானிய இளவரசி ஒருத்திக்கு எழுதிய கடிதங்களில் வட்டங்களைக் கொண்டு அனுமானத்தை விளக்கியிருந்தார். அவை 1768 முதல் நூலாக வெளிவந்தன. ஆனால் ஆய்லரின் முறையில் ஒரு வட்டம் மற்றொன்றின் உள்ளே இருக்கிறதா, வெட்டுகிறதா, விலகி நிற்கிறதா என்பதை முதலிலேயே நிச்சயித்துக்கொண்டு வரையவேண்டும்; தெரியாததையும் தெரிந்ததுபோல வரைய நேர்வதால், வரைபவர் தமக்கு வேண்டிய முடிவைத் தம்மையறியாமலே படத்தில் புகுத்திவிடுவார். வென் செய்த சீர்திருத்தம், கூடக்கூடிய எல்லா அறைகளையும் முதலில் திறந்துவைத்துவிட்டு, கூற்று எதை மூடச் சொல்கிறதோ அதை மட்டும் மூடுவது. இன்று நம் பயிற்சி வகுப்புகளில் வென் படம் என்று கரும்பலகையில் வரையப்படுவன பலவும் உண்மையில் ஆய்லர் படங்களே. விரைவுக்கு அவை உதவுகின்றன. ஆனால் மாணவர்கள் வழுக்கி விழுவதும் அங்கேதான்.

வென்னுக்கு வழிகோலியவர்களுள் ஒருவரான அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் நமக்கு அண்மையிலுள்ள மதுரையிற் பிறந்தவர் என்பதையும் இங்கே சொல்லாமற் போக மனம் வரவில்லை. கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்தவரின் மகனாகிய அவர், சிறு குழந்தையாகவே இங்கிலாந்து சென்றுவிட்டார். குதிரை விலங்கு, ஆதலால் குதிரையின் தலை விலங்கின் தலை என்னும் எளிய அனுமானத்தை அரிஸ்டாட்டிலின் தர்க்கம் முழுதும் சேர்ந்தாலும் நிறுவ இயலாது என்று அவர் காட்டினார். வட்டங்களும் அதனை நிறுவமாட்டா. ஒரு கருவியை மெச்சுகிறவர்கள் அதன் எல்லையையும் அறிந்திருப்பது நல்லது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மணிமேகலையின் 29ஆம் காதையை, கதைச்சுவை தேடி வருகிற வாசகர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். கல்லூரிப் பாடத்திட்டங்களும் அதனைக் கடினம் என்று ஒதுக்கிவிடுகின்றன. உ.வே. சாமிநாதையர் அக்காப்பியத்தை 1898இல் அச்சிட்டு வெளியிட்ட காலத்திலிருந்து இன்றுவரை அக்காதைக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். கச்சி மாநகரிலே அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்கும் முறையில் அமைந்த அப்பகுதி, தமிழிற் பௌத்த தர்க்கத்தை முறையாக எடுத்துரைக்கும் பழைய நூற்பகுதியாகும். அளவைகள் காட்சியும் அனுமானமும் ஆகிய இரண்டே என்று தொடங்கி, அனுமானத்துக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் உறுப்புகளைச் சொல்லி, இறுதி இரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும் என்று சுருக்கி, பிறகு பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று வாதப் பிழைகள் முப்பத்துமூன்றையும் எடுத்துக்காட்டுகளோடு வகுத்துரைக்கிறது. வடமொழியில் சங்கரசுவாமி இயற்றிய நியாயப்பிரவேசத்தோடு இது பெரிதும் ஒத்திருப்பதைக் குப்புசாமி சாஸ்திரியார் எடுத்துக்காட்டினார். கிருஷ்ணசாமி ஐயங்காரோ மணிமேகலை பௌத்த தர்க்க ஆசிரியராகிய திக்நாகருக்கும் முற்பட்டது என்று வாதித்தார். அந்தக் கால ஆராய்ச்சிக்குள் நான் புகவில்லை.

அவ்வுறுப்புகளை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். மலையில் புகை தெரிகிறது. ஆதலால் அங்கே நெருப்பு உண்டு. இதில் மலை பக்கம், நெருப்புடைமை நாட்டப்படும் பொருள், புகையுடைமை ஏது. நெருப்புடையதாக முன்னமே அறியப்பட்ட அடுக்களை சபக்கம். நெருப்பு இல்லாத நீர்த்தடாகம் போல்வது விபக்கம். ஓர் ஏது நல்ல ஏதுவாவதற்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும்: அது பக்கத்தில் இருக்கவேண்டும், சபக்கத்தில் இருக்கவேண்டும், விபக்கத்தில் இல்லாதிருக்கவேண்டும். இம்மூன்றனுள் மூன்றாவதே காவற்காரன். முடிவுக்குச் சாதகமான எடுத்துக்காட்டுகள் ஆயிரம் அடுக்கினாலும், ஏது விபக்கத்திலும் தலைகாட்டுமாயின் அது ஏதுவன்று, ஏதுப்போலி.

இப்பொழுது மணிமேகலை கூறும் ஒரு போலியை, முன்னே வரைந்த கண்மாய்ப் படத்தோடு சேர்த்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒலி அநித்தியமானது, அறியப்படுதலால் என்று ஒருவன் சொன்னால், அது 'சாதாரணம்' என்னும் அனைகாந்திகப் பிழை என்று அறவண அடிகள் விலக்குகிறார். அறியப்படுதல் என்பது அழியும் பொருளுக்கும் உண்டு. அழியாத பொருளுக்கும் உண்டு. இரண்டிற்கும் பொதுவாகிய ஒன்று எதனையும் நிச்சயிக்காது. ஒலி அறியப்படுவது, அறியப்படுவனவற்றிற் சில அழிவன, ஆதலால் ஒலி அழிவது. கண்மாய் நீர்நிலை, நீர்நிலைகளிற் சில வறண்டவை, ஆதலால் கண்மாய்களிற் சில வறண்டவை. இரண்டிலும் உருவம் ஒன்றே. இரண்டிலும் குறி விளிம்பின்மேலேயே நிற்கிறது. இதைவிட முக்கியமான ஒற்றுமை ஒன்று உண்டு. ஒலி அழியக்கூடியது என்பதே பௌத்தருடைய கொள்கை. அதனை மறுத்து ஒலி நித்தியம் என்று கூறிய மீமாம்சகரோடு அவர்கள் நூற்றாண்டுக் கணக்காக வாதிட்டிருக்கின்றனர். தம் கொள்கைக்குச் சாதகமாக வந்து நின்ற வாதத்தையே, அதன் ஏது பழுதுடையது என்ற ஒரே காரணத்தால், அவர்கள் தள்ளிவிட்டனர். முடிவு நமக்கு உவப்பானது என்பதற்காகப் பழுதான காரணத்தை ஏற்கலாகாது என்னும் இந்த நேர்மையைத்தான் நான் நம் மாணவர்களிடத்துப் பெரிதும் காண விரும்புகிறேன். கண்மாய் வறண்டிருப்பது கண்முன்னே தெரிந்தும், 'இக்கூற்றுகளிலிருந்து அது பெறப்படவில்லை' என்று எழுதும் மாணவர் அறவண அடிகளின் மாணவரே.

ஏதுவின் இவ்விலக்கணத்தை எண்ணிக் கணக்கிட்டுக் காட்டியவர் திக்நாகர். அவர் காஞ்சியை அடுத்த ஊரிற் பிறந்தவர் என்று திபெத்திய வரலாறுகள் கூறும். வடமொழி மூலம் மறைந்து திபெத்திய மொழியில் மட்டும் எஞ்சிய அவருடைய 'ஹேதுசக்கரம்' என்னும் சிறுநூல், ஓர் ஏது சபக்கம் முழுவதிலும் இருத்தல், சிலவற்றில் இருத்தல், எதிலும் இல்லாமை என்னும் மூன்றையும், விபக்கத்திலும் அவ்வாறே மூன்றையும் கொண்டு பெருக்கி, ஒன்பது கட்டங்களை அமைக்கிறது. ஒன்பதில் நல்ல ஏது இரண்டே. நாட்ட வந்ததற்கு மாறானதையே நாட்டுவன இரண்டு. எஞ்சிய ஐந்தும் எதனையும் நிச்சயிக்காதவை. நல்ல இரண்டிலும் விபக்கம் வெறுமையாக இருக்கிறது. கூடக்கூடிய எல்லா அறைகளையும் முதலில் திறந்துவைத்துவிட்டு, எது காலி, எதில் பொருள் உண்டு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் மனப்பான்மையில் அவருக்கும் வென்னுக்கும் வேற்றுமை இல்லை. இருவரும் செய்தது ஒன்றே என்று நான் சொல்லவில்லை. திக்நாகர் பொருளுலகத்தை நோக்கி நின்றார். வென் கூற்றுகளின் வடிவத்தை நோக்கி நின்றார்.

புதுக்கோட்டைக்குரிய செய்தியை இதுவரை நிறுத்திவைத்திருந்தேன். சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளையும், அறிவர் கோயில் விதானத்துத் தாமரைத் தடாக ஓவியத்தையும் உலகம் அறியும். செட்டிப்பட்டியை அறிந்தவர் சிலரே. அங்கே சமணர் குண்டு என வழங்குமிடத்தில் இடிந்துபட்ட சமணக் கோயிலிற் கிடைத்த கல்வெட்டு ஒன்று மதிசாகரர் என்னும் ஆசாரியரைக் குறிப்பிடுகிறது. தயாபாலருக்கும் வாதிராசருக்கும் குருவாக விளங்கிய மதிசாகரரே இவர் என்று வரலாற்றறிஞர் கருதுவர். வாதிராசர் பதினோராம் நூற்றாண்டின் பெரும் தர்க்க வித்துவான்; சமண ஆசிரியர் அகளங்கருடைய நியாயவினிச்சயத்துக்கு விரிவான உரை வகுத்தவர். அவ்வாறாயின், நம் ஊர்ப்புறத்துப் பாறைமேட்டுக்கும் சமண தர்க்கத்தின் மிக உயர்ந்த நூல்களுக்கும் நேரான குருபரம்பரைத் தொடர்பு ஒன்று இருந்திருக்கிறது.

அச்சமண மரபினர் பௌத்தருடைய மூன்று இலக்கணங்களையும் மறுத்து, ஏதுவுக்கு ஒரே இலக்கணம் போதும் என்றனர்: நாட்டப்படும் பொருள் இல்லாவிடத்து ஏது இருக்க இயலாமை. பாத்திரசுவாமி என்பவர் கூறிய இக்கொள்கையை அகளங்கர் மேற்கொண்டார், வாதிராசர் விளக்கினார். இவ்விரு கட்சிகளின் வழக்கையும் வென் படத்தில் வரைந்து பார்த்தால் வியப்பாக இருக்கிறது. நெருப்புக்குப் புறத்தே நிற்கும் புகைப்பகுதியை மூடிவிட்டால் போதும் என்பது சமணர் கட்சி. மூடுவதோடு நில்லாமல், புகையும் நெருப்பும் கூடுமிடத்தில் அடுக்களைக்காக ஒரு பெருக்கற்குறியும் இடவேண்டும் என்பது பௌத்தர் கட்சி.

இது பழங்கதையன்று. 'எல்லா'க் கூற்று ஒன்றைக் கொடுத்தால் அதிலிருந்து 'சில'க் கூற்று பெறப்படுமா என்பது மாணவர்களை அடிக்கடி குழப்பும் வினா. வென் முறைப்படி 'எல்லா' என்பது அறையை மூடுவது மட்டுமே. அதிலே குறி இல்லை. ஆகவே 'சில' பெறப்படாது. அரிஸ்டாட்டில் வழிவந்த பழைய முறையும், இன்றைய வங்கித் தேர்வுகளின் வழக்கமும், பெயர் சொல்லப்பட்ட இனத்தில் ஒரு பொருளாவது உண்டு என்று கொண்டு 'சில'வையும் ஒப்புக்கொள்கின்றன. மொத்த வடிவங்கள் 256 என்று கணக்கிட்டால், பழைய முறைப்படி அவற்றுள் தகுதியுடையவை 24. வென் முறைப்படி 15 மட்டுமே. வேறுபாடு முழுவதும் இந்த ஒரு குறியினாலே வந்தது. தேர்வு எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வட்டத்திலும் ஏதேனும் ஒன்று உண்டு என்று வைத்துக்கொண்டு விடை எழுதுக. ஆனால் அது வழக்கமே, தர்க்கத்தின் கட்டாயமன்று என்பதையும் அறிந்திருக்கவேண்டும். பௌத்தர் இதிலும் விழிப்பாக இருந்தனர். ஆகாயம் என ஒரு பொருளே இல்லை என்பவனிடம் ஆகாயத்தைப் பக்கமாக வைத்து வாதிடுவதை, ஏதுவுக்கு இருப்பிடமே இல்லாத ஆசிரயாசித்தம் என்று பிழைகளோடு சேர்த்து எண்ணினர்.

தேர்வு வினாக்களில் வேறு இரு வகைகள் உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்படி இருத்தல் கூடுமா என்று கேட்டால், எதிரான படத்தைத் தேடவேண்டியதில்லை; சாதகமான படம் ஒன்று வரைய முடிந்தாலே போதும். 'சில உண்டு', 'எதுவுமில்லை' என்று ஒரே இரண்டு இனங்களைப் பற்றிய இரு முடிவுகள் தரப்பட்டு, தனித்தனியே இரண்டும் பெறப்படாவிட்டால், இரண்டில் ஒன்று பெறப்படும் என்பதே விடை. ஏனெனில் ஓர் அறை காலியாக இருக்கவேண்டும், அன்றிக் காலியில்லாமல் இருக்கவேண்டும். மூன்றாவது நிலை இல்லை.

புலிகள் எல்லாம் மேசைகள், மேசைகள் எல்லாம் மேகங்கள் என்றாற்போன்ற கூற்றுகளைக் கண்டு, சாதாரண அறிவுடைய பிள்ளைகள் மனம் ஒப்பாமற் போவது இயற்கை. காட்சிக்கு முரணானதைப் பக்கமாகக் கொள்வது பிழை என்று மணிமேகலையே கூறுகிறது. தேர்வு மண்டபத்தில் அந்த விதியைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, வடிவத்தை மட்டும் நோக்கவேண்டும். வெளியே வந்தபின் அதனை மறவாமல் மீண்டும் கைக்கொள்ளவேண்டும். வேலைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதற்காக ஏற்பட்ட தேர்வு தர்க்கத்தின் பாதியைத்தான் சோதிக்கிறது: கூற்றிலிருந்து முடிவு வருகிறதா என்பதை. கூற்று மெய்யா என்னும் மறுபாதியைக் கற்பிக்கவேண்டியவர்கள் ஆசிரியர்கள். இன்டர்மீடியட் வகுப்பில் தர்க்கம் ஒரு பாடமாக இருந்த காலத்தில் அதற்கு இடமிருந்தது. இன்று பெரும்பாலான கல்லூரிகளில் அப்பாடமே இல்லை. பயிற்சி நிலையமே மாணவர் காணும் ஒரே தர்க்கப் பள்ளியாகிவிட்டது. இது வருந்தத்தக்க நிலை என்பதை இவ்வவையில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே அறக்கட்டளையினரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இந்நகரத்துக் கல்லூரிகளின் தமிழ்த்துறையினரும் கணிதத்துறையினரும் ஒன்றுகூடி, மணிமேகலை 29ஆம் காதையின் முப்பத்துமூன்று போலிகளையும், ஒவ்வொன்றுக்கும் இக்காலத்து எடுத்துக்காட்டும், வரைய இயன்றவற்றுக்கு வட்டப்படமும், அதே உருவத்தில் அமைந்த தேர்வு வினாக்களும் சேர்த்து, எளிய தமிழில் ஒரு பயிற்சி நூலாக ஆக்கவேண்டும். வட்டத்தில் அடங்காத போலிகள் சில உண்டு. அவற்றை அடங்காதவை என்றே குறித்துவிடலாம். அந்நூலை இம்மாவட்டத்து நூலகங்கள் எல்லாவற்றிலும் இலவசமாக வைப்பதற்கு ஆகும் செலவை இவ்வறக்கட்டளை ஏற்று, அடுத்த ஆண்டுச் சொற்பொழிவு நிகழும் நாளிலே அதனை வெளியிடவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.